ஒருவர் நித்திரைகொள்ள ஒருவர் விழித்திருக்க

ஒரு பாய்ப்படகில் இரண்டு பேர் மட்டும் சமுத்திரம் கடக்கிறார்கள். கரை காண இன்னும் பல நாள். இரவு வந்தால் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுப் படுக்க முடியாது. கடலின் ஆழம் மூன்று, நான்கு கிலோமீட்டர். ஆகவே மூன்று மணித்தியாலம் ஒருவர், அடுத்த மூன்று மணித்தியாலம் மற்றவர் என்று முறைவைத்துக் காவல் இருப்பார்கள். சரக்குக் கப்பலொன்றின் வெளிச்சம் அடிவானத்தில் தெரிந்தால், அது பக்கத்தில் வந்து சேர இருபது நிமிடம் போதும். மேலே இருப்பவர் கண்ணயர்ந்தால் இருவருக்குமே முடிவுதான். கீழே படுத்திருப்பவர் இதைத் தெரிந்துகொண்டுதான் படுத்திருக்கிறார். அவருக்கு நித்திரை வருகிறதா என்பதைக் கொண்டே அந்த இருவரின் பயணம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பென்சன் எடுத்த கையோடு வீடுவாசலை விற்று, ஒரு பாய்ப்படகை வாங்கி, கணவனும் மனைவியுமாக உலகத்தைச் சுற்றக் கிளம்பும் வழக்கம் இருக்கிறது. அவர்களில் சிலர் நம் பக்கமும் வருவார்கள். வாடைக்காற்றின் மழை ஓய்ந்து காற்று மட்டும் சீராக வீசும் தை, மாசி மாதங்களில் தாய்லாந்துப் பக்கமிருந்து வங்கக் கடலைக் கடந்து காலிக்கும் திருகோணமலைக்கும் வந்து, அங்கிருந்து மாலைதீவைப் பார்த்துப் போவார்கள். இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் விநாயகபுரத்துக் கரையில் வாழ்ந்து வயதுபோன எனக்கு இவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆசை தீர்வதில்லை. கடல் கடக்கும் ஆசை எனக்கு இப்போது இல்லை. அறுபது வயதைத் தாண்டிய இருவர் ஒருவரையொருவர் புதிதாக நம்பப் பழகுகிறார்களே, அந்த விசயம்தான் என்னை இழுக்கிறது. நாற்பது வருசம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் புதிதாக என்ன நம்பிக்கை வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கலாம். படகில் ஏறிய பிறகுதான் அவர்களுக்கே அது தெரியவருகிறது.

அவர்கள் எழுதியவற்றில் ஒரு சங்கதி திரும்பத் திரும்ப வரும். அநேகமாகக் கடல் ஆசை கணவருடையது. மனைவி அவருக்காக ஏறியவர். அலையைக் கண்டு அந்தப் பெண் பயப்படுவது கொஞ்சம்தான். ‘இந்த மனுசன் தண்ணிக்குள்ள விழுந்தா, நெஞ்சு வலிச்சுப் படுத்தா, தனியா நான் இந்தப் படக வச்சிக்கிட்டு என்ன செய்வன்?’ நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் வாயில் வைத்தால் அவர்களுடைய பயம் இப்படித்தான் வரும். அதற்குக் கணவர் சொல்லும் ஆறுதல் எதுவும் மருந்தாவதில்லை. “நான் இருக்கிறேன், பயப்படாதே” என்றால், அவர் இல்லாமற்போவதுதானே அவளுடைய பயம்!

ஆகவே கற்றுக்கொடுக்கிறார்கள். படகைக் காற்றுக்கு முகம் காட்டித் திருப்பி நிறுத்துவது, பாயைச் சுருக்குவது, இயந்திரத்தைக் கிளப்புவது, வானொலியின் 16ஆம் அலைவரிசையில் இருக்கும் இடத்தைச் சொல்லி உதவி கேட்பது. நனைந்த உடுப்போடு கடலில் கிடக்கும் ஓர் ஆம்பிளையைக் கையால் இழுத்து ஏற்ற ஒரு பெண்ணால் ஆகாது. அதற்குக் கப்பியும் கயிறும் மாட்டத் தெரிய வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு மிதவையைக் கடலில் எறிந்துவிட்டு, கணவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மனைவி தனியாகப் படகைத் திருப்பிப் போய் அதை எடுத்துவர வேண்டும். அவர் வாயைத் திறக்காமல் இருப்பது அந்தப் பாடத்தில் பாதி. கணவரும் தன் பங்குக்கு மருந்துப் பெட்டியில் எது எங்கே என்றும், குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்றும், கிழிந்த பாயை எப்படித் தைப்பது என்றும் பழகிக்கொள்கிறார்.

பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்தவுடனே சுருக்கிவிட வேண்டும் என்பது பாய்ப்படகுக்காரர் எல்லோரும் சொல்லும் விதி. தம்பதியர் சிலர் இதை ஒருபடி மேலே கொண்டுபோகிறார்கள். இருவரில் யார் அதிகம் பயப்படுகிறாரோ அவர் சொல்வதே தீர்ப்பு. மற்றவர் வாதாடக் கூடாது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். பயத்தைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டே வயதுபோன பெண்கள் எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்!

நங்கூரம் போடும் நேரத்தில்தான் கடலோடித் தம்பதியருக்குள் சண்டை அதிகம் வருமாம். ஒருவர் அணியத்தில் நிற்பார், மற்றவர் பின்னால் சுக்கானில். காற்றும் இயந்திரச் சத்தமும் பேச்சைத் தின்றுவிடும். கேட்கவில்லை என்று உரத்துச் சொன்னால் அது கோபம் போலக் காதில் விழும். அதனால் கைச்சாடை வைத்துக்கொள்கிறார்கள்: இடப்பக்கம், வலப்பக்கம், நிறுத்து, பின்னால் எடு. காது மந்தமான கிழவனும் கிழவியும் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் கேட்கும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். பாதிச் சண்டை சண்டையே அல்ல, காது கேளாமைதான்.

இனி ஸ்மீற்றன் தம்பதியின் கதைக்கு வருகிறேன். மைல்ஸ் ஸ்மீற்றன் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பிரிகேடியராக இருந்தவர். மனைவி பெரில் தனியாகவே நாடு நாடாக அலைந்தவர். பின்னாளில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட டென்சிங்கோடு 1939இல் இருவரும் இந்துகுஷ் மலையின் திரிச்மீர் சிகரத்தில் ஏற முயன்றார்கள். படை வாழ்க்கை முடிந்து கனடாவில் ஒரு தீவில் குடியேறிய பிறகு, ஹொங்கொங்கில் கட்டப்பட்ட 46 அடிப் பாய்ப்படகு ஒன்றை இங்கிலாந்தில் வாங்கினார்கள். படகின் பெயர் ட்சு ஹாங். பாய்ப்படகுப் பழக்கம் அப்போது அவர்களுக்கு இல்லையென்றே சொல்ல வேண்டும். ஓட்டியே பழகினார்கள்.

1956 டிசம்பரில் மெல்பேர்னிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனையான கேப் ஹோர்ன் நோக்கிப் புறப்பட்டார்கள். ஜோன் கஸ்வெல் என்ற இளைஞர் துணைக்கு வந்தார். 1957 பெப்ரவரி 14 அன்று தென் பசிபிக்கில் மலை போன்ற அலையொன்று பின்னால் எழுந்து, படகைத் தலைகுப்புறப் புரட்டியது. அந்நேரம் சுக்கானில் இருந்தவர் பெரில். கணவர் கீழே படுக்கையில் இருந்தார். உலகத்தின் மிகக் கொடிய கடலில் மனைவியிடம் சுக்கானை விட்டுவிட்டு அவர் படுத்திருந்ததை அசட்டையென்று நான் நினைக்கவில்லை. அவள் முறை, அவள் இருந்தாள், அவ்வளவுதான். பாதுகாப்புக் கயிறு அறுந்து பெரில் கடலில் வீசப்பட்டார். அடிபட்ட உடம்போடு நீந்தி, முறிந்து மிதந்த பாய்மரத்தைப் பிடித்துப் படகுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு பாய்மரமும் போயிருந்தன. மேற்கூடு பிய்ந்துபோய்த் தளத்தில் பெரிய ஓட்டை. உள்ளே தண்ணீர். கஸ்வெல் கிடைத்த பலகையையெல்லாம் சேர்த்து ஓட்டையை மூடினார். தம்பதியர் வாளியால் இறைத்தார்கள். தற்காலிகப் பாய்மரம் நட்டுச் சின்னப் பாய் கட்டி, மார்ச் மாதத்தில் சிலி நாட்டின் கொரொனெலை அடைந்தார்கள்.

சிலியிலேயே படகைத் திருத்தினார்கள். கஸ்வெல் தன் சொந்தப் படகுக்குத் திரும்பிவிட்டார். அந்த வருச டிசம்பரில் கணவனும் மனைவியும் மட்டுமாக மீண்டும் கேப் ஹோர்னுக்குப் புறப்பட்டார்கள். மீண்டும் அலை புரட்டியது, மீண்டும் பாய்மரங்கள் முறிந்தன. இந்த முறை கஸ்வெலின் கைத்தொழிலும் கூட இல்லை. இருவருமே தற்காலிகப் பாய்மரம் கட்டி வல்பரைசோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எனக்குப் பெரியதாகப் படுவது முதல் விபத்தில் தப்பியதைவிட இந்த இரண்டாவதுதான். முதல் விபத்தில் இருவரும் எல்லா வேலையையும் செய்து பார்த்திருந்தார்கள். மைல்ஸுக்குப் பெரிலால் என்ன ஆகும் என்று தெரியும், பெரிலுக்கு அவரைத் தெரியும். கடைசியில் 1968இல், இருவருக்கும் அறுபது வயது கடந்தபின், இன்னோர் இளைஞரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அதே படகில் கேப் ஹோர்னைச் சுற்றினார்கள். காற்றுக்கு எதிர்த்திசையில்! பிறகு கனடாவுக்குத் திரும்பி, அழிந்துகொண்டிருந்த ஒருவகைச் சிறுநரிக்காகக் காப்பகம் அமைத்தார்கள்.

வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் ஆகும் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல், நம் தமிழ் மாலுமிகளின் கையால் அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கடல் நமக்குப் புதிதல்ல. அந்தக் கப்பலில் போனவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். நம் கடலோர வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் பிரிந்து கிடந்தது. ஆண் கடலுக்குப் போவான், பெண் கரையில் வீட்டைப் பார்ப்பாள். அவன் அறிந்தது அவளுக்குத் தெரியாது, அவள் அறிந்தது அவனுக்குத் தெரியாது. இத்தனைக்கும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முஸ்லிம் ஊர்களிலும் தம்பிலுவில், திருக்கோவில் தமிழ் ஊர்களிலும் குடிவழி தாய்வழிதான். வீடு பெண்ணின் சீதனம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருகிறான். வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்கிறது. அந்த உறுதியை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறது என்று ஆணுக்குத்தான் தெரியும்!

இந்தப் பிரிவினைக்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். பிள்ளைகளை விட்டு ஓட மனம் வராமல் நின்றார்கள், சேலையும் நீண்ட கூந்தலும் சிக்கிக்கொண்டன. பின்னால் வந்து ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் எழுதினார்கள்: இந்தக் கரையில் நீந்தவும் மரமேறவும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் பழக்கியிருந்தார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பெண்கள் நீந்தத் தெரியாமல் போனார்கள். பெரில் ஸ்மீற்றன் முறிந்த பாய்மரம் வரை நீந்திய அந்தச் சில நிமிடத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர்கள் இவர்கள்தான். அதை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

காலம் மாறிக்கொண்டிருக்கிறது. இந்தியக் கடற்படையின் தில்னா, ரூபா என்ற இரண்டு பெண்கள் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 56 அடி ‘தாரிணி’ பாய்ப்படகில் புறப்பட்டு, கேப் ஹோர்ன் வழியாக உலகையே சுற்றி, 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினார்கள். 25,000 கடல்மைலுக்கு மேல். ரூபா புதுச்சேரிப் பெண்; தில்னா கோழிக்கோடு. இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், தனியாளாக நிற்காமல் உலகைச் சுற்றிய அபிலாஷ் டோமி. புறப்படுவதற்கு முன் ஏறத்தாழ மூன்று வருசம் சேர்ந்தே ஓட்டிப் பழகினார்கள். தம்பதியர் அல்ல, ஆனால் இரண்டு பேர் மட்டும். அந்த மூன்று வருசத்தைத்தான் நான் இங்கே சொல்ல வருகிறேன். நம்பிக்கை புறப்படும் நாளில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை.

நம் வீடுகளில் பென்சன் எடுத்த தம்பதியரைப் பார்க்கிறேன். வங்கிப் புத்தகம், கரண்ட் பில், காணி உறுதி, வருசா வருசம் கிராம சேவகரிடம் போய் உயிரோடிருப்பதை உறுதிப்படுத்துவது எல்லாம் ஐயாவின் கையில். அடுப்படி, சீனி வருத்தக் குளிசை எந்த நேரம் எது, பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம், யார் வீட்டில் என்ன நன்மை தின்மை எல்லாம் அம்மாவின் தலையில். இருவரில் ஒருவர் முந்திப் போவது நிச்சயம். ஐயா முந்தினால், விதவைகள் ஓய்வூதியத்துக்கு எந்தப் படிவம், எந்தக் கந்தோர் என்று தெரியாமல் அம்மா பிரதேச செயலகத்து வாசலில் நிற்கிறாள். அம்மா முந்தினால், ஒரு வாய் சோறு தானாக ஆக்கத் தெரியாத ஐயா மகள் வீட்டுத் திண்ணைக்குப் போகிறார். அவருக்கு மரியாதை குறையவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

எங்கள் வீட்டில் இப்போது நான் வாரத்தில் சில நாள் சமைக்கிறேன். கறிக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்று கேட்டால் மனைவி கதிரையில் இருந்தபடியே சொல்வாள். எழுந்து வந்து கரண்டியைப் பறிப்பதில்லை. அவள் தண்ணீர் மோட்டரைத் திறந்து காற்று எடுக்கப் பழகிவிட்டாள், வங்கி மெசினில் அட்டையைப் போட்டுத் தானே காசு எடுக்கிறாள். பக்கத்தில் நின்று பொத்தானைக் காட்டாமல் நான் வெளியே வெயிலில் நிற்பேன். இரவில் அவளுக்குச் சீனி இறங்கினால் என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் நன்றாக நித்திரை கொள்கிறாள்.

இதை வாசிக்கும் மூத்தவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலையை இந்த வாரமே மற்றவர் கையில் கொடுத்து, குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். பேத்திமார் இருந்தால், கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில், ஆழம் அறிந்த இடத்தில், தெரிந்த ஒருவரின் கண்பார்வையில், அண்ணன் தம்பியோடு சேர்த்து அவர்களுக்கும் நீச்சல் பழக்குங்கள்.