சூரியநெல்லியில் ஒரு பகலுணவு

வீட்டு விருந்து வேறு, விலைச்சோறு வேறு. விருந்தோம்பலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார் என்று நம் சங்க விழாக்களில் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். அதை அவர் இல்லறவியலில் வைத்தார் என்பதை மறந்துவிடுகிறோம். காசு பெற்றுக்கொண்டு இலை போடுகிறவர் நம்மிடம் உறவு கொண்டாட வேண்டிய கடமை ஏதும் இல்லை. ஆறாத சோறும் சரியான அளவும் கிடைத்தால் போதும். ஆனால் அவற்றுக்கும் மேலாக, எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உள்ள ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு மே மாத விடுமுறையில் சூரியநெல்லியில் அது எங்களுக்கு மறுக்கப்பட்டது.

சூரியநெல்லி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானலை அடுத்துள்ள தேயிலைச் சிற்றூர். போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைக் கடந்துவிட்டால் நெடுந்தொலைவில்லை. எல்லைக்கோடு இங்கே செய்யும் வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே ஜீப்பில் போகவேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியில்தான் ஏறவேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாறியபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கோடு எப்படி விழுந்தாலும் அம்மலைகளில் கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளே.

எங்கள் தாயார் அங்கே ஒரு லயத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கூடை தூக்கியவர். மணமுடித்து மும்பைக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. எங்கள் பிள்ளைகள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் படித்தவர்கள். பாட்டி பிறந்த மலையை அவர்களுக்குக் காட்டவேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். பகல் ஒரு மணிக்குப் பசியெடுத்தது. பாரம்பரியக் கிராமத்து உணவு என்று பலகை வைத்திருந்த ஓர் உணவகத்தில் நுழைந்தோம்.

கிராமம் வாசலிலேயே நிறைந்திருந்தது. ஓலை வேய்ந்த முகப்பு, சுவரில் சாய்த்த மாட்டுவண்டிச் சக்கரம், உரல், அம்மி. அம்மியின்மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். "அரைக்காத அம்மி எதற்கு?" என்று தாயார் கேட்டார். விடை இலையில் வந்தது. குழம்பில் பொட்டலத் தூளின் நெடி. அதற்கும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எங்களுக்குப் பின் வந்து கோழியும் மீனுமாகப் பெருஞ்செலவு செய்த கூட்டத்தார் எங்களுக்கு முன்னே கை கழுவிச் சென்றார்கள். பாலக்காட்டு மட்ட அரிசிச் சோறு பக்குவமாக வெந்தால் தனிச் சுவை உடையது. இதுவோ ஆறி, நடுவில் வேகாத பருக்கையோடு விறைத்துக் கிடந்தது. அவியலில் தேங்காய் ஊசியிருந்தது. மரவள்ளிக் கிழங்கைப் பற்றி எழுதாமல் விடுவது நன்று. கேரளத்து எளிய கடைகளில்கூடப் பதிமுகம் இட்டுக் காய்ச்சிய செந்நிற வெந்நீர் கேளாமலே வரும்; இங்கே விலை போட்ட பாட்டில் தண்ணீர்.

பரிமாறிய இளைஞர் மலையாளி அல்லர். நல்ல போடிப் பக்கத்துத் தமிழ் பேசினார். அதைக் கேட்ட மகிழ்ச்சியில் தாயார், "தம்பி எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டார். அவர் முகம் இறுகியது. விடை சொல்லாமல் போய்விட்டார். சற்று நேரங்கழித்துத் தாயார், "இன்னொரு கரண்டி சோறு வையப்பா" என்றார். சோற்று வாளி மேசைமேல் ஓசையோடு இறங்கியது.

"கேக்கக் கேக்க அள்ளிப்போட இது எஸ்டேட் கேண்டீன் இல்ல, பாட்டி. வேற காசு ஆகும்."

கல்லாவில் இருந்தவர் இதைக் கேட்டார்; தலை நிமிரவில்லை. நாங்கள் எழுந்து போய் முறையிட்டபோது, ஆள் கிடைப்பதில்லை என்று மட்டும் சொல்லி, ஆளுக்கு 350 ரூபாய் வீதம் கணக்குப் போட்டு நீட்டினார்.

சோற்றுக்கு வேறு காசு என்றது குற்றமன்று. அதற்கு முன் வந்த சொல்லே உறுத்துகிறது. சாப்பாட்டுக் கடையின் பெருமையே அங்கே காசு மட்டும் பேசும், பிறப்பு பேசாது என்பதுதான். அது எளிதில் வந்த பெருமையும் அன்று. 1917இல் கொச்சி நாட்டுச் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உண்ணச் செய்ததற்காகச் சொந்தச் சமூகத்தாராலேயே ஒதுக்கப்பட்டார். 1957இல் உணவு விடுதிப் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி, பெரியாரின் தொண்டர்கள் சென்னைத் திருவல்லிக்கேணியில் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்தார்கள். யாவரும் சமமாய் அமர இத்தனை பாடுபட்ட நாட்டில், கூலிக்காரி என்று குரலைக் கொண்டே இனங்கண்டு தாழ்த்துவது எந்தப் பாரம்பரியம்?

அந்த இளைஞர் இகழ்ந்த கேண்டீனின் வரலாறும் சிறிது சொல்லத் தக்கது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 150 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களில் சிற்றுண்டிச் சாலை அமைக்க வழி செய்தது. என்ன உணவு, என்ன விலை என்பதை விதிகளால் வரையறுக்கலாம் என்றது. நிர்வாகக் குழுவில் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தது. உண்பவருக்கும் அடுப்படியில் ஒரு சொல் உண்டு என்பது அதன் கருத்து. ஏட்டில் இருந்ததெல்லாம் மலையில் நடந்ததா என்று கேட்டால் தாயார் சிரிக்கிறார். தேநீரும் சில நாள் வடையும் உண்டாம்; "ஆனா சூடா இருக்கும்" என்கிறார்.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டுப் 'பெம்பிளை ஒருமை' என்று தாமே திரண்டு சாலையில் அமர்ந்தார்கள். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். பின்னர் 301 ஆயிற்று. நாங்கள் பாதியில் விட்டு எழுந்த ஓர் இலைக்கு அந்த உயர்ந்த கூலியும் போதாது. அத்தகைய வீடு ஒன்றிலிருந்து வந்த பிள்ளை, சுற்றுலாக் கடையின் சீருடை அணிந்ததும் அந்த வீட்டை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அஞ்சுவதை உணர முடிகிறது. அவ்வச்சத்தை வளர்த்து அதில் வாணிகம் நடத்துகிற கல்லாக்காரரிடத்தில் எங்களுக்கு இரக்கம் பிறக்கவில்லை.

திரும்பும் வழியில் வண்டியில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பின்பு தாயார், "மணி மூணாச்சு, அந்தப் பையன் சாப்பிட்டானோ என்னவோ" என்றார். எங்கள் மகளுக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படிப் பேசியவனுக்காக இவர் ஏன் கவலைப்படவேண்டும் என்றாள். போடிமெட்டு வரும்வரை பாட்டியும் பேத்தியும் வாதாடிக்கொண்டே வந்தார்கள்.