பனியில் கால் வைக்கும் முன்

கனடாவில் பனிக்காலம் என்றால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் காலம் என்றே என் தங்கை முடிவு செய்திருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் பஸ் தரிப்பிடத்தில் உறைந்து கிடந்த நிலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள் அவள். அதன்பின் நவம்பர் பிறந்தால் ஏப்ரல் வரை ஜன்னலோரம்தான் வாழ்க்கை. தை மாதத்தில் நான் ஒட்டாவா போய்ச் சேர்ந்ததும் அவளுடைய மகள் என்னைத் தனியே அழைத்து, "பெரியம்மா, நீங்கள் வெளிக்கிட்டால் அம்மாவும் வெளிக்கிடுவா" என்றாள்.

ஒட்டாவா ஆற்றைக் கடந்தால் கியூபெக் மாகாணம். அங்கே 361 சதுர கிலோமீற்றர் பரப்பில் கற்றினோ பூங்கா விரிந்து கிடக்கிறது. பனிச்சறுக்குவோருக்கு ஒரு பாதை, பனிப்பாதணி கட்டி நடப்போருக்கு வேறு பாதை. இடையிடையே விறகு அடுப்பு எரியும் ஓய்வுக் குடில்களும் உண்டு.

பனிப்பாதணி என்பது நமது சப்பாத்தின் அடியில் கட்டும் அகன்ற தட்டு. சேற்று முற்றத்தில் பலகை போட்டு நடப்பதில்லையா? அதே சூத்திரம்தான். உடலின் பாரம் பரவுவதால் கால் புதைவது குறைகிறது. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தது இது. கிறீ மக்களிடையே ஆண்கள் மரச்சட்டத்தை வளைக்க, தோல் வாரால் வலை பின்னியவர்கள் பெரும்பாலும் பெண்களே. இன்று அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

வாங்குமுன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் நிறை என்ன?" பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. 66 கிலோவை 58 என்று சொன்னேன். அவள் 21 அங்குலப் பாதணியைத் தந்தாள். தங்கைக்கும் அதே அளவு. ஆனால் அவள் உண்மையிலேயே மெலிந்தவள்.

மறுநாள் காலை புதுப்பனி மெத்தையாகக் கிடந்தது. தங்கை முன்னே நடந்தாள். நான் அடிக்கு அடி முழங்காலுக்குக் கீழ்வரை புதைந்தேன். தடித்த குளிர்ச்சட்டை, சப்பாத்து, தேநீர்ப் போத்தலும் சாப்பாடும் நிறைந்த முதுகுப்பை எல்லாம் சேர்ந்து இன்னும் ஆறு கிலோ! மனிதரிடம் சொன்ன பொய்யைப் பனி ஏற்றுக்கொள்ளவில்லை.

"அக்கா, கையைத் தாங்கோ" என்று திரும்பி வந்து என்னைத் தூக்கிவிட்டவள் என் தங்கை. முறிந்து பொருந்திய அதே கையால். விழுவோமோ என்ற பயம் அவள் முகத்தில் இல்லை. பாதத்தின் கீழுள்ள இரும்புப் பற்கள் பனியைக் கவ்விப் பிடிப்பதை அவளது கால் அறிந்துவிட்டது.

அடுத்த நாள் உண்மையைச் சொல்லி 25 அங்குலப் பாதணிக்கு மாற்றிக்கொண்டேன். புதைவது பெரிதும் குறைந்தது.

பனி நாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் போகும் சகோதரிகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். உடுப்பும் பையும் சேர்த்தே நிறையைக் கணக்கிடுங்கள். அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் சற்று மாறும். அதற்குரிய அட்டவணையைப் பாருங்கள். மிதிபட்டு இறுகிய பாதைக்குச் சிறியது போதும். புதுப்பனிக்குப் பெரியது தேவை. பெண்களுக்கென ஒடுக்கமாகச் செய்தவை கால் அகட்டாமல் நடக்க உதவும். கையுறை போட்டபடியே வாரை இறுக்கிக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நீர் புகாத சப்பாத்தும் கம்பளிக் காலுறையும் அவசியம். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் துணிவு கூடும். பின்னோக்கி மட்டும் நடக்காதீர்கள். வால் மாட்டி விழுத்திவிடும். வட்டமாகச் சுற்றித் திரும்புங்கள்.

நான் ஊர் திரும்பும் முன்பே தங்கை தனக்கென ஒரு சோடி வாங்கிவிட்டாள். இப்போது தை மாதத்தில் தொலைபேசி எடுத்தால் மகள்தான் பேசுகிறாள்: "அம்மா நடக்கப் போட்டா, பெரியம்மா."