சத்தம் நின்றால்

கப்பல் வேலை என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அலை அடிச்சா பயமா இருக்காதா?" அலை பழகிவிடும். எனக்குப் பயம் அமைதியில்தான்.

பயணிகள் கப்பலில் நான் மின் அதிகாரி. இன்றைய பெரிய பயணிகள் கப்பல்கள் பலவற்றில் எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. டீசல் எஞ்சின்கள் ஜெனரேட்டர்களைச் சுழற்றும். அந்த மின்சாரம் 6,600 அல்லது 11,000 வோல்ட்டில் ஸ்விட்ச்போர்டுக்கு வந்து, அங்கிருந்து புரொப்பல்லர் மோட்டாருக்குப் போகும். சுற்றுவழிதான், வழியில் கொஞ்சம் இழப்பும் உண்டு. ஆனால் மெதுவாகப் போகும்போது இரண்டு எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றவற்றை நல்ல சுமையில் ஓட்டலாம். 'குயின் எலிசபெத் 2' கப்பலில் 1986-87இல் நீராவி டர்பைன்களைக் கழற்றிவிட்டு, ஒன்பது டீசல் ஜெனரேட்டர்களையும் தலா 44 மெகாவாட்டில் இரண்டு மோட்டார்களையும் வைத்தார்கள்.

சிக்கல் இதுதான்: சமையலறை அடுப்பு, அறை ஏசி, கப்பலைத் தள்ளும் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே பானைச் சோறு. பானை கவிழ்ந்தால் எல்லோரும் பட்டினி.

என் முதல் கப்பலில் இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் சொல்வார்: "தம்பி, சத்தம் கேக்குற வரைக்கும் நிம்மதியா தூங்கு. சத்தம் நின்னா செருப்பக்கூட தேடாம ஓடு."

ஒரு நள்ளிரவில் ஓடினேன். ஒரு ஜெனரேட்டர் விழ, அதன் சுமை மற்றதன் தலையில் ஏறி அதுவும் விழுந்திருந்தது. அவசர ஜெனரேட்டர் 45 வினாடிக்குள் தானாக எழ வேண்டும் என்பது சர்வதேச விதி. எழுந்தது. ஆனால் அது தருவது விளக்கும் சுக்கானுக்கான மின்சாரமும்தான், புரொப்பல்லர் சுழலாது. நடுக்கடல் என்பதால் மிதந்துகொண்டே சரிசெய்தோம்.

2019 மார்ச் 23 அன்று நார்வே கடற்கரையில் 'வைக்கிங் ஸ்கை'க்கு அந்த இடம் இல்லை. தொட்டியில் லூப் ஆயில் குறைவு; புயலில் கப்பல் உருண்டதும் எண்ணெய் அழுத்தம் விழுந்து ஓடிய எஞ்சின்கள் எல்லாம் நின்றன. கப்பலில் 1,373 பேர், எதிரே பாறைகள். 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். எஞ்சின்களை மீண்டும் கிளப்பியதால் கப்பல் தப்பியது.

விடுப்பில் இருக்கும்போது இரவில் மின்விசிறி நின்றால் துள்ளி எழுந்துவிடுவேன். "கரண்ட்டுதான் போயிருக்கு, படுங்க" என்பாள் மனைவி.

இப்போது கப்பல்களில் பேட்டரி வருகிறது. 2015இல் நார்வேயில் 'ஆம்பியர்' என்ற கார் படகு முழுக்கப் பேட்டரியிலேயே ஓடத் தொடங்கியது. கடல் தாண்டும் கப்பலுக்கு அது போதாது. ஆனால் ஒரு ஜெனரேட்டர் விழுந்து இன்னொன்று எழும்வரை தாங்கும். அந்தச் சில நிமிடங்களைத்தான் நாங்கள் கேட்கிறோம்.