மண் இருக்கிறது, மிதிக்க ஆள் இல்லை

செங்கத்தைத் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு மண் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் சொந்த நிலத்தில் கட்டுகிற வீடு. நான் போனபோது சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. வேலையை முன்நின்று நடத்துபவர் எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர். அவரோடு இரண்டு ஆண்கள், மூன்று பெண்கள். எல்லோரும் மலைமேல் இருக்கும் ஊர்க்காரர்கள். அடிவாரத்துக் கிராமங்களில் ஆசிரியர் தம்பதி விசாரித்துப் பார்த்தார்கள், மண் சுவர் வைக்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்தைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேரளத்தில் அப்படியே கட்டியும் காட்டினார். செங்கம் பக்கத்தில் ஐந்து மைலெல்லாம் வேண்டாம், ஐம்பதடியிலேயே நல்ல செம்மண் கிடக்கிறது. கைதான் கிடைக்கவில்லை. மண் வீட்டைப் பற்றி இன்று நடக்கும் பேச்செல்லாம் மண்ணைப் பற்றியே இருக்கிறது. அந்த மண்ணை வீடாக்கத் தெரிந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

நிலத்தின் தாழ்ந்த மூலையில் குழி வெட்டி மண் எடுக்கிறார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, ஒன்றரை அடி கனத்தில் ஒன்பதடி உயரம் சுவர் வைத்தால், கதவு ஜன்னல் கழித்து ஆறரை யூனிட் (யூனிட் என்பது நூறு கன அடி) சுவர் வரும். மிதித்து இறுகும்போது மண் சுருங்கும் என்பதால் எட்டு ஒன்பது யூனிட் வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய குழி மழைக்காலத்தில் பண்ணைக் குட்டையாகிவிடும்.

“மேல் மண்ண ஒரு முழம் தள்ளிடணும் சார். வேரும் சருகும் அதுலதான் கெடக்கும். அது செவுத்துக்குள்ள போனா மக்கிக் கரையான் ஏறும்,” என்றார் பெரியவர்.

அடிமண்ணை அவர் சோதிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு பிடி எடுத்து நீர் தெளித்துப் பிசைந்தார். விரல் கனத்துக்கு உருட்டி, உள்ளங்கை ஓரத்தில் தொங்கவிட்டார். சீக்கிரம் அறுந்தால் மணல் அதிகம், சுவர் உதிரும். அறாமல் நீண்டுகொண்டே போனால் களி அதிகம், காய்ந்ததும் வெடிக்கும். பிறகு ஒரு சிட்டிகையைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். நறநறத்தால் மணல், நறநறப்பில்லாமல் பல்லோடு ஒட்டினால் களி. ஆசிரியரும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி வைத்திருந்தார். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல், களி மட்டும் மறுநாள்வரை கலங்கலாகவே நிற்கும். பெரியவர் பல்லில் கண்டதைத்தான் பாட்டிலும் காட்டியது: களி கொஞ்சம் கூடுதல். ஓடை மணல் சேர்த்தார்கள்.

முதல் நாளே நீர் விட்டு ஊறவைத்த மண்ணில் வைக்கோலைத் தூவி மிதிக்கிறார்கள். பெண்கள் மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு மிதித்தார்கள். “குதிகால்ல மிதிச்சாதான் சார் மண்ணு வைக்கோலப் புடிக்கும். கல்லு கெடந்தா காலுக்கே தெரியும்,” என்றார் ஓர் அக்கா. சொல்லிக்கொண்டே கால் விரலால் ஒரு சரளைக் கல்லைக் கவ்வி வெளியே போட்டார். பதம் வந்த மண்ணை உருண்டையாக்கிக் கைமாற்றிக் கொடுக்க, பெரியவர் வாங்கிச் சுவர்மேல் ஓங்கி அறைகிறார். மெல்ல வைத்தால் இடையில் காற்று நின்றுவிடும். ஒன்றரை அடி உயர்ந்ததும் அந்த வரிசையை நிறுத்திக் காயவிடுகிறார்கள். அடுத்த வரிசை வைக்கலாமா என்பதைப் பெரியவர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வார். பள்ளம் விழுந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். முழுக்கக் காய்ந்து போனாலும் ஆகாது, புது மண் பழைய மண்ணோடு ஒட்டாது. இந்த நடுப்பதத்தில் மண்வெட்டியால் பக்கங்களைச் செதுக்கித் தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்க்கிறார்கள். அறுவடை முடிந்த தை மாதத்தில் தொடங்கினால் கோடை மழைக்கு முன் கூரை ஏற்றிவிடலாம்.

மண் சுவர் மழையில் கரைந்துவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரையும். ஆண்டுதோறும் அடைமழையில் மண் சுவர் இடிந்து ஆட்கள் சாகிற செய்தி வருகிறது. இதை மறைத்துவிட்டு மண் வீட்டின் பெருமை பேசுவது பாவம். அப்படி விழும் சுவர்கள் பெரும்பாலும் அடியில் ஊறியவை, அல்லது கூரை பிய்ந்து மேலிருந்து நனைந்தவை. அதனால்தான் இங்கே தரைக்கு மேல் இரண்டடிக்குக் கருங்கல் கட்டி, அதன்மேல்தான் மண். இறவாரம் மூன்றடி வெளியே நீள்கிறது. கூரைக்குப் பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கிய பனஞ்சட்டங்களும் நாட்டு ஓடும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் அரசு அறிவித்த பின், வைரம் பாய்ந்த பழைய பனஞ்சட்டத்துக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

பக்கத்து ஊரில் ஒரு பழைய மண் வீட்டைக் காட்டினார்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பூச்சு பெரிய பெரிய பாளங்களாக உப்பி நின்றது. மண் சுவர் ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும்; சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. மண் சுவருக்கு மண் பூச்சும் சுண்ணாம்பும்தான் பொருந்தும். ஆசிரியர் வீட்டில் அதற்காகக் கடுக்காயை இடித்து வெல்லத்தோடு பானையில் ஊறப் போட்டிருந்தார்கள், புளித்த வாசனை வாசல்வரை வந்தது. கடைசிப் பூச்சும், சாணி மெழுகிக் கூழாங்கல்லால் தேய்க்கும் தரையும் முழுக்கப் பெண்களின் வேலை. வீட்டின் அழகு அவர்கள் உள்ளங்கையில்தான் இருக்கிறது. ஆனால் ஊர்க்கணக்கில் அவர்கள் சித்தாள், கூலி குறைவு. இங்கே இருபாலருக்கும் ஒரே கூலி. அது ஆசிரியரின் மனைவி வைத்த நிபந்தனை.

மண் வீடு மலிவு என்பது தவறான விளம்பரம். சுவருக்கு மண் விலையில்லாமல் கிடைக்கிறது. செலவு முழுவதும் கூலி. சிமெண்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பணம் பக்கத்து ஊர்க் குடும்பங்களுக்குப் போகிறது. நான் மண் வீட்டை ஆதரிக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். கூலியைக் குறைத்து மண் வீடு கட்ட நினைப்பவர் கட்டாமல் இருப்பதே நல்லது.

பெரியவர் வசிப்பது கான்கிரீட் வீட்டில். அரசுத் திட்டத்தில் வந்தது. அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஒழுகாத கூரை வேண்டும் என்ற ஏக்கம் குடிசையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நல்ல காரியம். அதே வேளையில், மண் சுவர் என்றாலே தற்காலிக வீடு என்று எழுதிக்கொள்ளும் கண்ணோட்டம் மாற வேண்டும். நில அதிர்வைத் தாங்கும்படி மண் கட்டடம் கட்ட ஐ.எஸ். 13827 என்ற இந்தியத் தர நெறிமுறை 1993-லேயே வந்துவிட்டது. அழுத்திய மண் கட்டிகளுக்கு ஐ.எஸ். 1725 இருக்கிறது. ஆரோவில் மண் கட்டடக் கழகம் 1989 முதல் மண்ணால் கட்டும் முறையைக் கற்றுத் தருகிறது. ஐந்து சதவீதம் அளவுக்கே சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண் கட்டிகளால் அங்கே நான்கு மாடிக் கட்டடமே நிற்கிறது. இருந்தும் அந்த ஆசிரியர் வீட்டுக்கடன் கேட்டுப் போன இடத்தில், மண் சுவர் என்றதும் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

பெரியவரின் பேரன் திருவண்ணாமலையில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போகிறான். “இதக் கத்துக்கோடான்னா, வருசத்துக்கு ஒரு வீடுகூட வராத வேலையக் கத்து என்னா தாத்தா செய்யறதுங்கறான். அவன் சொல்றதும் ஞாயந்தானே சார்?” என்று கேட்டார்.

நிலம் வைத்திருப்பவர்களே, மண் வீடு கட்டும் எண்ணம் இருந்தால், மண்ணைச் சோதிப்பதற்கு முன்னால் அந்த வட்டாரத்தில் சுவர் வைக்கத் தெரிந்த முதியவரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்குத் தலைமைக் கொத்தனாரின் கூலி கொடுங்கள், மிதிக்கிற பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாகக் கொடுங்கள். கூடவே இரண்டு இளைஞர்களைச் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொள்ள வையுங்கள். வருகிற தையில் தொடங்க வேண்டுமென்றால் இப்போதே தேட ஆரம்பியுங்கள்.