பித்தளை மூடிக்குள் ஒரு ஸ்க்ரூ

அமெரிக்காவின் ஓஹியோவில் ஒரு வீட்டு ஷெட். அப்பா விட்டுப்போன 1982 மாடல் பைக், சிக்னலில் நின்றாலே அணைந்துவிடும். ஐடிலிங்கில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மகனுக்குப் புரிந்தது. திருத்த வேண்டிய மிக்சர் ஸ்க்ரூவோ சின்ன பித்தளை மூடிக்குள் இருந்தது. 1978 மாடல் முதல் அங்கே பைக்குகளுக்கும் புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. யாரும் திருகக் கூடாதென்று கம்பெனியே அடித்து மூடிய மூடி அது.

இரண்டு கார்புரேட்டர்கள். முதல் மூடியில் அவசரமாக டிரில் போட்டான். பிட் மூடியைத் துளைத்து, உள்ளே ஸ்க்ரூவின் தலையையும் கடித்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் திட்டியிருக்க மாட்டார். பேசாமல் டிரில்லைக் கையிலிருந்து வாங்கி வைத்திருப்பார்.

மறுநாள்தான் இரண்டாவது மூடியைத் தொட்டான். ஆழமாக இறங்காமலிருக்க பிட்டில் டேப் சுற்றினான். நடுவில் சின்னத் துளை போட்டு, அதில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, பிளையரால் இழுத்தான். மூடி 'பொக்'கென்று வந்தது.

கடிபட்ட ஸ்க்ரூவிலும் பாதி வெட்டு மிச்சமிருந்தது. இன்ஜின் சூடானதும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருகினான். சத்தம் சீரானது.

தெருமுனை சிக்னலில் பைக் அணையவில்லை. பச்சை விழுந்த பிறகும் அவன் உடனே கிளம்பவில்லை.