குளிர் தரும் தவணை

உணவைக் கெடாது காத்தல் மனிதன் நெடுங்காலமாகப் பயின்றுவந்த கலைகளுள் ஒன்று. உப்பிட்டும், வெயிலில் உலர்த்தியும், புகையூட்டியும் எம் முன்னோர் அதனைச் செய்தனர். எங்கள் வீட்டுக் கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அதற்குச் சான்று. குளிரினால் உணவைக் காக்கும் முறையோ வெப்பநாட்டினராகிய எம்மிடம் பிந்தியே வந்தது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து பனிக்கட்டி ஏற்றிய கப்பல் 1833ஆம் ஆண்டிற் கல்கத்தாவை அடைந்தது. அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டில் எழுந்த கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கின்றது. அன்று கடல்கடந்து வந்த குளிரை இன்று கடையின் பின்புறத்திலேயே ஒரு யந்திரம் தந்துவிடுகின்றது.

ஆயினும், பெரும்பொருள் செலவிட்டுக் குளிரறை அமைப்போர் பலர் இனி உணவு கெடாது என்றே நம்பிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. குளிர் நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை. அவை பெருகுவதைத் தாமதப்படுத்துகின்றது, அவ்வளவே. 5 பாகை செல்சியசுக்கு மேலும் 60 பாகைக்குக் கீழும் அவை விரைந்து பெருகும். ஆதலின் குளிரறை எமக்குத் தருவது ஒரு தவணை மாத்திரமே. அத்தவணையைக் கணக்கிட்டு நடத்தல் மனிதனின் கடன்.

எம்மிடம் பௌதிகவியல் பயின்ற மாணாக்கர் ஒருவர் யாழ்ப்பாணத்திற் போசனசாலை நடத்துகின்றார். தாயாரின் நகையை அடகுவைத்துப் பெற்ற பணத்துடன் குளிரறை வாங்கப் புறப்பட்டவர், எம்மையும் உடன் அழைத்தார். விற்பனையாளரோ பெரிய அறையையே வற்புறுத்தினார்.

"நீர் மீனை எத்தனை நாளைக்கு வைக்கிறனீர்?" என்று கேட்டோம்.

"இரண்டு நாளைக்கு மேலே வைக்கிறதில்லை, சேர்."

சிறிய அறையே போதுமென முடிவாயிற்று. தேவைக்கு மிஞ்சிய அறை மின்கட்டணத்தையும் மிஞ்சச்செய்யும். பழைய பண்டங்களுக்கு உறைவிடமும் ஆகும்.

மற்றையவற்றையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். சுவர்ப் பலகைகளினுள்ளே பொலியூரதேன் நுரை செறிந்திருத்தல் வேண்டும். எமது வெப்பத்துக்கு 100 மில்லிமீற்றர் தடிப்பு நன்று. அறை அடுப்படிக்கு அப்பால், வெயில் படாத இடத்தில் அமைதல் வேண்டும். வெப்பத்தை வெளிவிடும் ஒடுக்கிக்குக் காற்றோட்டம் தேவை. ஆனால் உப்புக்காற்று அதன் தகடுகளை அரிக்குமாதலால், கடலை அண்டிய ஊர்களிற் காப்புப்பூச்சுப் பெற்ற சுருளே ஏற்றது. ஆர்-22 வாயுவில் இயங்கும் பழைய யந்திரம் மலிவாகக் கிடைத்தது, வேண்டாமென்றோம். ஓசோன் படலத்தைக் காக்க 1987ஆம் ஆண்டில் எழுந்த மொன்றியல் உடன்படிக்கையின் வழி அவ்வாயு கைவிடப்பட்டு வருகின்றது. கதவை உள்ளிருந்து திறக்கும் பிடி இல்லாத அறையை எவ்விலைக்கும் வாங்கலாகாது. அது உயிர்காக்கும் பிடி.

இனிப் பராமரிப்பு. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தல் வேண்டும். தாள் எளிதில் வழுக்கி வந்தால் இறப்பர் விளிம்பு பழுதென்று அறிக. உள்ளிருக்கும் சுருளிற் பனி தடித்துப் படிந்தால், அது போர்வைபோல் நின்று அறை குளிர்வதைத் தடுக்கும். ஒடுக்கியின் தூசியைத் தவறாது நீக்கல் வேண்டும். கொதிக்கும் குழம்பைப் பானையோடு உள்ளே வைத்தலாகாது. அகன்ற தட்டங்களிற் பகிர்ந்து விரைவில் ஆறச்செய்க. பச்சை மீன் கீழ்த்தட்டிலும் சமைத்த உணவு மேற்றட்டிலும் இருத்தல் வேண்டும். வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்து ஒரு கொப்பியிற் குறித்தல் இவை எல்லாவற்றினும் தலையாயது.

அக்கொப்பியின் பயனை நாம் நேரிற் கண்டோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. கடையிற் கூட்டம் நிறைந்த வேளை. வேலையாட்கள் பலமுறை கதவைத் திறந்துவிட்டனர். மாலையில் நாம் சென்றபோது வெப்பமானி 11 பாகை காட்டிற்று. 5 பாகையைக் கடந்து நான்கு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டதைக் கொப்பி காட்டியது. உள்ளே சூரை மீனும் சமைத்த கறிகளும் இருந்தன.

"மணம் பழுதில்லையே, மாஸ்ரர். சாப்பாட்டை எறிஞ்சால் பாவமெல்லோ?" என்றார் மாணாக்கரின் தாயார்.

பசியை அறிந்த தலைமுறையின் சொல் அது. அதனை நாம் இகழவில்லை. ஆயினும் நோய் தரும் நுண்ணுயிர் மணத்தினாற் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டுமென்பதில்லை. சூரை போன்ற மீன் வெப்பத்திற் கிடந்தால் அதிற் பெருகும் இஸ்ரமின் என்னும் பொருள், பின்னர் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. இதனை மகனே தாயாருக்கு விளக்கினார். "எங்கட பிள்ளையளுக்குக் குடுக்கப் பயப்படுறதைச் சனத்துக்கு எப்பிடி அம்மா விக்கிறது?" என்று முடித்தார். அம்மையார் மறுமொழி கூறவில்லை. கறிச்சட்டியொன்றைத் தாமே தூக்கி வந்தார். தென்னையடியிற் குழிவெட்டி அனைத்தையும் புதைத்தனர். அன்று போனது சிறுதொகையன்று.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் விதி இதுவே. கதவைத் திறவாது வைத்தால் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் குளிர் நிற்கும். ஆகவே மின்சாரம் தடைப்பட்டதும் மெழுகுதிரியைத் தேடுமுன் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்க. மாணவச் செல்வங்களே, இப்பணியை இன்றே உங்கள் வீட்டில் நீங்கள் ஏற்கலாம்.