மயிலாப்பூர்: பந்தி மாறிய ஊர்

மயிலாப்பூரைப் பற்றிய பழைய தமிழ்ச் சாட்சிகளில் ஒன்று சாப்பாட்டில் தொடங்குகிறது. சாம்பலாகிக் குடத்தில் கிடந்த பூம்பாவையை எழுப்ப, ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் அது. ‘இந்த விழாவைப் பார்க்காமலே போய்விடுவாயா?’ என்று ஒவ்வொரு விழாவாக அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டே போகிறார். முதலில் கேட்பது அடியார்களுக்குச் சோறு படைக்கும் விழாவை. தைப்பூசத்துக்கு வரும்போது நெய் சேர்த்த சோறு வருகிறது. போன உயிரைத் திரும்ப அழைக்க உணவையும் காரணமாகக் காட்டிய ஊர் இது.

கடற்கரையில் இருந்த பழைய கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது. இன்றைய கபாலீசுவரர் கோயில் பிறகு எழுந்தது. 1749இல் பக்கத்துச் சாந்தோமும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்சிக் கதை இவ்வளவு போதும்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெறும் ஐதீகம் நடக்கும். மாலையில் அறுபத்துமூவர் புறப்பாடு. அன்று நான்கு மாட வீதிகளிலும் அடுப்பு மூட்டாத மூலை இருக்காது. நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் என்று வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் வருவோர் போவோர் கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள். வாங்க மறுத்தால் முகம் வாடும். யார், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த வழக்கம்தான் மயிலாப்பூர் மெஸ்களின் தாய்வீடு என்று சொல்லத் தோன்றுகிறது. கச்சேரி சாலையை ஒட்டிய அருண்டேல் தெருச் சந்தில் இருக்கும் ராயர் கஃபேயில் உட்கார இடம் கொஞ்சம், பட்டியலும் கொஞ்சம். காலையில் இட்லி, பொங்கல், வடை. கூடவே கெட்டிச் சட்னி. உள்ளே இடம் கிடைக்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். அப்படி நிற்பதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. போட்ட இட்லி தீர்ந்தால் தீர்ந்ததுதான். கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸுக்கு அடை அவியலும் கீரை வடையும் பேர் வாங்கித் தந்தன. தெற்கு மாட வீதிப் பக்கம் காளத்தி கடை ரோஸ் மில்க். ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றிரண்டு பண்டம், அதற்கென ஒரு வேளை. பட்டியலைக் குறுக்கியதால்தான் கை தேர்ந்தது.

காபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி போடலாமா கூடாதா என்று வறுத்து அரைக்கும் கடை வாசலில் இங்கே வாக்குவாதமே நடக்கும். முதல் டிகாஷன் இறங்கிய கால் மணிக்குள் பாலோடு சேர வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை வெளியிலும் எதிர்பார்த்துத்தான் மயிலாப்பூர்க்காரர்கள் ஹோட்டல் படி ஏறினார்கள்.

அந்த எதிர்பார்ப்பைப் பெரிய அளவில் நிறைவேற்றிக் காட்டியவர் கே. கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஹோட்டல் வேலையில் அடிமட்டத்தில் தொடங்கியவர். 1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ‘உட்லண்ட்ஸ்’ மாளிகையைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதியோடு உணவகம் நடத்தினார். குத்தகை முடிந்தபோது மாளிகையை விட்டார், பெயரை விடவில்லை. மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. அதே சாலை கதீட்ரல் சாலையாகத் தொடரும் இடத்தில், 1962இல் அவருடைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் வந்தது. காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் ஜன்னலில் தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். கார் இல்லாதவர்களும் மர நிழலில் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக் கழித்தார்கள். எழுந்து போ என்று யாரும் விரட்டாத அந்த இடம் 2008இல் மூடப்பட்டது. அங்கே இப்போது இருப்பது செம்மொழிப் பூங்கா. மரம் இருக்கிறது, நடைபாதை இருக்கிறது. உட்கார்ந்து பேச அந்தக் காபி இல்லை.

மூடிய இடத்துக்காக வருந்தலாம், அதோடு ஆறிவிடும். திறந்திருந்தே தேய்ந்துபோன இடங்களை என்ன செய்வது?

ஊரறிந்த பழைய விடுதி ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். அண்மையில் ஓர் இரவு மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்று வெளியூர் உறவினர்களை அங்கே சாப்பிட அழைத்துப் போனது. பளபளத்த அட்டையில் நூடுல்ஸும் கோபி மஞ்சூரியனும் முதல் பக்கத்திலேயே இருந்தன. அடை வந்தபோது ஓரம் விறைத்து, நடு மாவாகவே இருந்தது. அவியலில் தேங்காயெண்ணெய் வாசனை இல்லை. காய் குழைந்து நீர் விட்டிருந்தது. சாம்பாரில் வெல்லம் தூக்கல். காபி பிளாஸ்கிலிருந்து வந்தது. ‘இதுக்குத்தானா மாமா இவ்ளோ தூரம் கூட்டிண்டு வந்தேள்?’ என்று மதுரையிலிருந்து வந்த பெண் மெதுவாகக் கேட்டாள். மாமாவிடம் பதில் இல்லை. சுவரில் மட்டும் நிறுவனரின் மாலையிட்ட படமும், விடுதியின் பெருமை சொல்லும் சட்டமிட்ட செய்தித்தாள் நறுக்குகளும் இருந்தன.

காரணங்கள் தெரியாதவை அல்ல. கைப்பக்குவம் தெரிந்த சமையல்காரர்களுக்கு வயதாகிவிட்டது. கல்யாணக் காண்ட்ராக்டில் கிடைக்கும் பணத்தை எந்த மெஸ்ஸும் தர முடியாது. லஸ் தொடங்கி கச்சேரி சாலை வரை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி பல ஆண்டுகளாகத் தெருக்களைத் தகரத் தடுப்புக்குள் வைத்திருக்கிறது. இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கப் போகின்றன. அதுவரை நடந்து வந்து டிபன் சாப்பிடும் முதியவர் எந்தப் பக்கம் கடப்பது? மாட வீதி நடைபாதையைப் பைக்குகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வாடிக்கை குறைந்தால் பட்டியல் நீள்கிறது, பட்டியல் நீண்டால் ருசி போகிறது.

ஆனாலும் இதில் எதுவும் குழைந்த அவியலுக்குச் சமாதானம் ஆகாது. காயைக் குழையாமல் வேகவைக்கவும், அடைக்கல்லைக் காயவைக்கவும் மெட்ரோ குறுக்கே நிற்கவில்லை. ராத்திரிக்கு நாலே பண்டம் போதும், அதைச் சூடாகப் போடுங்கள். மாவு தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லி அனுப்புங்கள். மாநகராட்சியும் மெட்ரோ நிறுவனமும் தடுப்புகளுக்குப் பின்னால் திறந்திருக்கும் கடைகளுக்கு வழிகாட்டிப் பலகையாவது வைக்கட்டும். மாட வீதி நடைபாதையிலிருந்து வண்டிகளை அப்புறப்படுத்தட்டும். அடுத்த பங்குனிக்குள் இதைச் செய்ய யாரும் புதிதாகத் திட்டம் தீட்ட வேண்டியதில்லை.